பையை அடுக்குவதும் படிப்புதான்

"பொறுப்பே இல்ல சார் இவனுக்கு." தர்மபுரியில் எந்தப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் இது காதில் விழும். எட்டு வயதுப் பையன் நோட்டை மறந்து வந்ததற்குத்தான் இந்தப் பட்டம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

சொன்னதை மனதில் வைத்துக்கொள்வது, கை நீட்டுமுன் ஒரு நொடி நிற்பது, ஒரு வழி சரிப்படாவிட்டால் வேறு வழிக்கு மாறுவது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியை நம்பியிருக்கும் திறன்கள். அந்தப் பகுதி முழுசாக முதிர சுமார் 25 வயது ஆகிவிடும். அதுவரை பழகப் பழகத்தான் வரும். பழக நாம் எங்கே விடுகிறோம்?

நம் பக்கம் மார்க்குக்காகப் பிள்ளைகளை ஹாஸ்டலில் சேர்ப்பது சகஜம். எழுவது, குளிப்பது, எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது, எல்லாம் மணியடித்து நடக்கும். மார்க் வருகிறது, மறுக்கவில்லை. அதே பிள்ளை மணியடிக்க ஆளில்லாத காலேஜில் அசைன்மெண்டைக் கடைசி ராத்திரி வரை தள்ளிப்போட்டு அரியர் வைத்தால், திரும்பவும் "பொறுப்பில்லை" என்கிறோம்.

ஓசூர் கம்பெனி ஷிஃப்டுக்கு வேன் பிடிக்க ஓடும் அம்மாவுக்குக் காலையில் நேரம் இருக்காது. பையைத் தானே அடுக்கிக் கொடுத்தால்தான் வேலை முடியும். அதனால்தான் ராத்திரியில் செய்யுங்கள் என்கிறேன். சாப்பிட்டதும், "நாளைக்கு என்னென்ன பீரியட்?" என்று மட்டும் கேளுங்கள். டைம்டேபிளைப் பார்த்துப் பிள்ளையே எடுத்து வைக்கட்டும். "கணக்கு நோட்டு எடுத்தியா?" என்று கேட்டால் யோசிக்கிற வேலையை நாமே செய்துவிடுகிறோம். "ஏதாவது விட்டுப்போச்சா பாரு" போதும். முதலில் பக்கத்தில் உட்காருங்கள், பிறகு அடுப்படியிலிருந்து கேளுங்கள், அப்புறம் கேட்பதையே விட்டுவிடலாம்.

இன்னொன்று. "கைகால் கழுவிட்டு, யூனிஃபார்ம கழட்டிட்டு, டிபன் பாக்ஸ வெளிய வச்சிட்டு, ஆயாவ கூப்பிடு" என்று ஒரே மூச்சில் சொன்னால், ஆறு வயதுக் குழந்தை கை கழுவும்போதே மீதியை மறந்திருக்கும். அதை அடம் என்று அடிக்காதீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேகத்தில் வராது. வீட்டிலும் பள்ளியிலும் வெகுநாளாகத் திணறுகிற குழந்தையை மருத்துவரிடம் காட்டுவதில் எந்தக் குறையும் இல்லை.

லீவு நாளில் ஆடுபுலி ஆட்டம் ஆடுங்கள். திண்ணையில் கரிக்கட்டியால் கோடு கிழித்தால் போதும், 3 புலி, 15 ஆடு. ஒரு ஆட்டை வைக்குமுன் புலி எங்கிருந்து தாவும் என்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஆடு போச்சு. காத்திருப்பதும் முன்கூட்டி யோசிப்பதும் திட்டாமல் திணிக்காமல் கைவரும்.

ஹாஸ்டல் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாயங்கால ஸ்டடியில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளிடமே விடுங்கள். எதைப் படிக்கப்போகிறோம் என்று முதலில் எழுதிக்கொள்ளட்டும், முடிந்ததும் எவ்வளவு நடந்தது என்று அவர்களே டிக் அடிக்கட்டும். வார்டன் கூடவே இருக்கட்டும், எந்தப் பாடத்தை எடுப்பது என்று மட்டும் அவர் சொல்ல வேண்டாம்.