கரோலினில் பாட்டு இலவசமாக ஓடவில்லை
1960களில் பிரிட்டன் கரைக்கு வெளியே கப்பல்களில் இருந்து உரிமம் இல்லாமல் பாட்டு ஒலிபரப்பிய வானொலி ரேடியோ கரோலின். ‘அது காசே வாங்காமல் சின்னக் கம்பெனிகளின் பாட்டுகளைப் போட்டது, கப்பல் வானொலிகளைத் தடுக்கும் 1967 பிரிட்டிஷ் சட்டம் வந்த அன்றே மூடிவிட்டார்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. 1967 ஆகஸ்ட் 14 மதியம் மூன்று மணிக்கு நிறுத்திக்கொண்டது இன்னொரு கப்பல் வானொலியான ரேடியோ லண்டன். கரோலின் கப்பல்கள் இரண்டும் 1968 மார்ச் வரை ஒலிபரப்பின. கடைசியில் அவற்றை இழுத்துப் போனதும் போலீஸ் இல்லை, தனக்குச் சேர வேண்டிய பாக்கி வராத டச்சு கப்பல் கம்பெனி!

அப்புறம் காசு விஷயம். கரோலின் இயக்குநர்களில் ஒருவரான பிலிப் சாலமனுக்கு மேஜர் மைனர் என்று சொந்தமாக இசைத்தட்டுக் கம்பெனி இருந்தது. அந்தத் தட்டுகள் ஓயாமல் சுழன்றன. பணம் கட்டிய பாட்டு பட்டியலில் இருந்தால், டிஜேவுக்குப் பிடிக்காவிட்டாலும் போட்டாக வேண்டும். பிபிசியில் இசைத்தட்டு ஒலிக்கும் நேரத்துக்கே உச்சவரம்பு இருந்த காலம் அது. அதனால் சின்னக் கம்பெனிகளுக்குக் கடலில் இருந்த வானொலிகளில் வழி கிடைத்தது உண்மைதான், ஆனால் பல சமயம் கட்டணத்தோடு.