மோட்டார்ஹோம்ல (படுக்கை, சமையல் வசதியோட இருக்கிற வீட்டு வண்டி) கேஸ் அடுப்ப எரியவிட்டு தூங்கலாம்னு வர்ற மெசேஜ் தப்பு

"குளிருக்கு ஹீட்டர் வேணாம், கேஸ் அடுப்ப சிம்ல வச்சு, வென்ட்ட (காத்து போற துவாரத்த) துணியால அடைச்சிட்டு தூங்குங்க"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க, உயிர் போற விஷயம் இது. மூடின வண்டிக்குள்ள அடுப்பு எரிய எரிய ஆக்ஸிஜன் குறைஞ்சு கார்பன் மோனாக்சைடுங்கிற (சிஓ) விஷ வாயு வரும், அதுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, தலைவலி, தலைசுத்தல்னு ஆரம்பிச்சு தூக்கத்துலயே ஆள முடிச்சிடும். போதாததுக்கு கேஸ் எரிஞ்சா நீராவியும் வரும், காலைல பாத்தா கண்ணாடியெல்லாம் தண்ணி வழியும், மெத்தை ஓரம் ஈரமா இருக்கும். புகைய வெளிய தள்ற குழாயோட இருக்கிற ஹீட்டர்தான் சரி, கூடவே சிஓ அலாரம் கட்டாயம். சந்தேகம்னா உங்க அடுப்போட மேனுவல பாருங்க, அமெரிக்க அரசோட நோய் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தளத்துலயும் அடுப்ப ஹீட்டரா பயன்படுத்தாதீங்கன்னே போட்டிருக்கு. அந்த மெசேஜ இனி யாருக்கும் அனுப்பாதீங்க, அனுப்பியிருந்தா டெலீட் பண்ணிட்டு அவங்ககிட்ட சொல்லிடுங்க.