ஏற்காட்டு உயரம் பூஸ்ட்டுக்குப் பாதுகாப்பு ஆகாது

"ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி குறைவு, ஆகவே பங்க் பெட்ரோலிலேயே எந்த டர்போ காருக்கும் 22 பிஎஸ்ஐ பூஸ்ட் வைக்கலாம்" என்று நண்பர் எழுதியிருப்பது தவறு. பூஸ்ட் என்பது வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் டர்போ இன்ஜினுக்குள் கூடுதலாகத் திணிக்கும் அழுத்தம்; பிஎஸ்ஐ அழுத்தத்தின் அலகு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிடச் சுமார் 2 பிஎஸ்ஐ மட்டுமே குறைகிறது. மீட்டரில் அதே 22 காட்ட, கடல் மட்டத்தில் காற்றை 2.5 மடங்கு அழுத்தினால் போதுமான டர்போ, அங்கே ஏறக்குறைய 2.8 மடங்கு அழுத்த வேண்டியிருப்பதால், காற்று கூடுதலாகச் சூடாகி, வெளிக்காற்றழுத்தம் குறைந்ததால் கிடைத்த சிறு ஆதாயமும் கரைந்துவிடுகிறது.

அதைவிட முக்கியமானது மலைப்பாதை. அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைந்து, கியரைக் குறைக்காமலேயே ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது, டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றோட்டம் போதாமலும் இன்ஜினுக்குச் சுமை மிகுந்தும் இருக்கும். நாக்கிங், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவை தீப்பொறியின் சுடர் எட்டுமுன் தானே வெடிப்பது, தொடங்குவது அங்கேதான். தகர டப்பாவில் சரளைக்கல் உருள்வது போன்ற அந்தச் சத்தம் காதில் விழுவதற்குள் பிஸ்டனில் ரிங் அமரும் வரப்பு உடையத் தொடங்கியிருக்கலாம்.

எல்லா இன்ஜினுக்கும் பொருந்தும் ஒரே பாதுகாப்பு அளவு கிடையாது, 8.5 கம்ப்ரஷன் விகிதமுள்ள (சிலிண்டருக்குள் கலவையை 8.5 மடங்கு சுருக்கும்) இன்ஜின் தாங்கும் பூஸ்ட்டை, 10.5 உள்ளது 91 ஆக்டேன் (நாக்கிங்கைத் தடுக்கும் திறனின் அளவு) பெட்ரோலில் தாங்காது. நாக்கிங்கை உணரும் நாக் சென்சார் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் தருணத்தை) எத்தனை டிகிரி பின்னுக்குத் தள்ளுகிறது என்பதை அதே மலையேற்றத்தில் பதிவு செய்து பார்க்காமல், தயவுசெய்து யாரும் பூஸ்ட்டைக் கூட்ட வேண்டாம்.