ஈவா ஹெஸ்ஸும் எங்கள் வீட்டு ரப்பர் பாலும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. வெளுத்த தேன் நிறத்தில் பத்தொன்பது வாளிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நசுங்கி, ஒரு பக்கம் சரிந்து, தரையில் நிற்கின்றன. கீழே என் மச்சான் எழுதியிருந்தார்: "இதுக்குப் பேரு கலையாம். எங்க எருமை மிதிச்ச வாளி இதைவிட நல்லாருக்கும்." வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வாளிகளைச் செய்தவர் மீது எனக்குப் பல வருடங்களாக ஒரு பிரியம் உண்டு. (எல்லாம் படத்திலும் காணொளியிலும் பார்த்ததுதான், நேரில் போய்ப் பார்க்க வாய்க்கவில்லை.) குழுவில் எழுதினால் சண்டையாகும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் ஈவா ஹெஸ், சிற்பி. 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயது நிறைவதற்குள், 1938 டிசம்பரில், அக்காவையும் அவரையும் ரயிலேற்றி நெதர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள், நாஜிகளிடமிருந்து பிள்ளைகளாவது தப்பட்டும் என்று. பெற்றோர் பின்னால் வந்து சேர, 1939-ல் குடும்பம் நியூயார்க் போனது. அவருக்கு ஏறக்குறையப் பத்து வயதானபோது அம்மா தற்கொலை செய்துகொண்டார். ஈவாவே மூளைக் கட்டியால் 1970 மே மாதம் இறந்தபோது வயது 34தான்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கலை பற்றி எழுதுகிறவர்கள் பலர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அந்தத் துயரமெல்லாம் உள்ளேயிருந்து பொங்கி வந்ததாம், அவர் உள்ளுணர்வால் வேலை செய்தாராம், பொருள்கள் அவரோடு பேசினவாம். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். மச்சானின் எருமையும் இவர்களின் உள்ளுணர்வும் போய் நிற்கிற இடம் ஒன்று. இரண்டு கதையிலும் அந்தப் பெண் உட்கார்ந்து வேலை செய்யவே இல்லை. ஒன்றில் தற்செயலாக நசுங்கியது, மற்றதில் அருள் வந்து இறங்கியது.

நடந்ததைப் பார்ப்போம். யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸ் என்ற பெரிய ஓவியரிடம் படித்து, 1959-ல் பட்டம் வாங்கியவர். ஓவியராக வேண்டும் என்பதுதான் ஆசை. 1964-ல் ஜெர்மன் தொழிலதிபர் ஒருவர் ஈவாவின் கணவரை அழைத்தார். கணவர் டாம் டாயல் சிற்பி. ரூர் நதிக்கரையில் கெட்விக் என்ற ஊரில், ஓட்டம் நின்றுபோன ஒரு நெசவாலைப் பகுதியை வேலை செய்ய இடமாகக் கொடுத்தார். ஈவா கூடப் போனார். எந்த நாட்டிலிருந்து குழந்தையாகத் தப்பினாரோ அதே நாட்டுக்கு. அங்கே அவருடைய ஓவியம் ஓடவில்லை. வரைவார், பிடிக்காது, கிழிப்பார். நியூயார்க்கில் இருந்த நண்பர், கலைஞர் சோல் லெவிட்டுக்குப் புலம்பி எழுதினார். லெவிட் பதிலுக்குப் பக்கம் பக்கமாக ஒரு கடிதம் எழுதினார். யோசித்தது போதும், பயந்தது போதும், 'செய்' என்று அந்த ஒரு சொல்லை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு. (நண்பர் என்றால் அப்படி இருக்க வேண்டும். எனக்கு வருகிற கடிதமெல்லாம் வங்கியிலிருந்து.)

ஆலைத் தரையில் பழைய இயந்திர உதிரிகளும் கயிறுகளும் கிடந்தன. கயிற்றை எடுத்துப் பலகையில் சுற்றி ஒட்ட ஆரம்பித்தார். அங்கே தொடங்கியது அப்புறம் நிற்கவில்லை. கயிறு, பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி இழை (ஃபைபர் கிளாஸ்) என்று போய், 1967 வாக்கில் ரப்பர் பாலுக்கு வந்து சேர்ந்தார்.

ரப்பர் பால் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணம் உண்டு. நான் கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடிவதற்கு வெகு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். பட்டையில் சரிவாக ஒரு வெட்டு. ஆழம் கூடினால் மரம் புண்ணாகும், குறைந்தால் பால் வராது. சரியான ஆழம் எவ்வளவு என்று கேட்டால் அப்பா சிரிப்பார். கத்தி மரத்தில் படும்போது கைக்குத் தெரியும், அவ்வளவுதான். சிரட்டையில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி எடுத்து வந்தால், அதற்குப் பிறகு அம்மாவின் வேலை. தண்ணீர் சேர்த்து, வடித்து, டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் கலக்க வேண்டும். மழைநாள் பாலுக்கு ஒரு அளவு, வெயில் நாள் பாலுக்கு இன்னொரு அளவு. அம்மா அளந்து நான் பார்த்ததில்லை. விரலால் ஒரு தடவை கலக்கிப் பார்ப்பார், போதும். உறைந்ததை மெஷினில் கொடுத்துச் சுற்றி ஷீட் அடித்து, கொடியில் போட்டு, புகைப்புரையில் ஏற்றுவார்கள், ஷீட் கெடாமல் இருக்கப் புகை போடுகிற அறை அது. வெட்டுவாயில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து உருட்டிப் பந்து செய்வது எங்கள் வேலை. அந்தப் பந்து எகிறுவது போல் கடைப் பந்து எகிறாது.

அதனால் ஹெஸ் என்ன செய்தார் என்று படித்தபோது எனக்கு அது கலை விமர்சனமாகவே படவில்லை, பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி இருந்தது. திரவ ரப்பர் பாலைத் தூரிகையால் ஒரு பூச்சு பூசுவார். காயவிடுவார். மறுபடி ஒரு பூச்சு. இப்படி அடுக்கடுக்காக. 1969-ல் முடித்த 'கன்டின்ஜென்ட்' என்ற வேலை இப்போது கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி மாதிரியான மெல்லிய துணி எட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் ரப்பர் பால், இரு முனைகளிலும் கண்ணாடி இழை. கூரையிலிருந்து தொங்கும். படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கொடியில் தொங்கிய ஷீட்டுகள்தான் ஞாபகம் வந்தன. வெளிச்சம் அதன் வழியாக வருகிற விதம் அப்படியே அதுதான். ரப்பர் பால் கையில் பட்டுக் காய்ந்தவர்களுக்குத் தெரியும்: முதலில் பால் வெள்ளை, காயக் காயக் கண்ணாடி மாதிரி மஞ்சள். கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும். எந்தப் பூச்சு எப்போது அடுத்ததை வாங்கும் என்பது பூசிப் பூசித்தான் தெரிய வரும். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரிச் சின்னச் சின்ன சோதனைத் துண்டுகள் அவர் நிறையச் செய்து வைத்திருந்தார்.

மச்சானின் வாளிக்கு வருகிறேன். அதன் பெயர் 'ரிப்பிட்டிஷன் நைன்டீன்'. 1967-ல் காகிதக் கூழில் முதல் பத்தொன்பதைச் செய்தார், உயரம் ஏறக்குறைய ஒரு சாண். 1968-ல் அதையே இரு மடங்கு பெரிதாக, நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டறைக்காரர்களோடு சேர்ந்து, கண்ணாடி இழையில் செய்தார். அதுதான் நம் குழுவுக்கு வந்த படம். எருமை ஒரு தடவைதான் மிதிக்கும். இவர் பத்தொன்பது சரிவை மறுபடியும் தேடிப் பிடித்திருக்கிறார். ஒன்று மற்றொன்றின் நகல் ஆகிவிடாமல், ஆனால் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிகிற மாதிரி. எந்த வாளி எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் அடுக்குகிறவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். இன்னொரு வேலையில் இரும்புப் பெட்டியின் 30,000-க்கும் அதிகமான துளைகளில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் கோத்திருக்கும். அதை உள்ளுணர்வு என்று சொல்கிறவர் ஒரு நாள் உட்கார்ந்து ஐந்நூறு கோத்துப் பார்க்கட்டும்.

இதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது, கைப்பக்குவம். ஒரே புளி, ஒரே மிளகாய் என்றாலும் பாட்டியின் குழம்பு வேறு மாதிரி இருப்பதற்கு நாம் சொல்கிற காரணம் அது. பாட்டிக்கு அருள் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. அடுப்படியில் எத்தனை வருடம் நின்றார் என்று நமக்குத் தெரியும். அருங்காட்சியகத்துக்குள் போனதும் அது மறந்து, உள்ளுணர்வு என்ற சொல் வந்துவிடுகிறது. அதிலும் பெண் செய்தால் உணர்வு, ஆண் செய்தால் சிந்தனை. இந்தப் பாகுபாட்டை நான் ரொம்ப நாளாகவே பார்த்து வருகிறேன்.

கைப்பக்குவம் உள்ளவருக்குப் பொருளின் குற்றமும் தெரிந்திருக்கும். பழைய மருந்துச் சீட்டுகளைக் கட்டி வைத்த ரப்பர் பேண்டை எடுத்துப் பாருங்கள். முதலில் பிசுபிசுக்கும், பிறகு விறைத்து, தொட்டால் ஒடியும். வெளிச்சமும் காற்றும் ரப்பரைத் தின்றுவிடும். ஈவாவின் ரப்பர் வேலைகளுக்கும் அதுதான் நடக்கிறது. பழுப்பேறி, விறைத்துப் போய், சிலவற்றைத் தொங்கவிடவே முடியாத நிலை. இது அவருக்குத் தெரியாமல் இல்லை. கடைசிக் காலத்துப் பேட்டி ஒன்றில், வாங்குகிறவர்களுக்கு இது நிலைக்காது என்று கடிதம் எழுத வேண்டும் போலிருக்கிறது, கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகக்கூட இருக்கிறது என்கிறார். அப்படியும் ரப்பரை விடவில்லை, அந்த வேலைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 'எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்' என்று ஒன்று இருக்கிறது. ரப்பர் பால் பூசிய துணியை மூன்று மீட்டர் உயரக் கம்புகளில் திரைச்சீலை மாதிரிப் பொருத்திச் சுவரில் சாய்த்தது. கிட்டங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. பராமரிப்பாளர்கள் பாடுபட்டு ஒட்டித் தேற்றி, 2022-ல் மறுபடி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். இந்த மாதிரிக் கெட்டுப்போனதை எல்லாம் எதற்குத் தேற்ற வேண்டும், புதுப் பாலில் புதிதாகச் செய்து வைத்துவிடலாமே என்று ஒரு கட்சியும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஒவ்வொரு பூச்சும் எப்போது போதும் என்று நிறுத்திய கை அது. இன்னொருவர் பூசினால் அது இன்னொருவர் வேலை. அம்மா போன பிறகு அதே ஆசிட், அதே டிஷ் வைத்து நான் உறைய வைத்த பாலை அப்பா ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

நேற்று அப்பாவிடம் அந்தத் தொங்கும் துணிகளின் படத்தை போனில் காட்டினேன், ரப்பர் பாலில் செய்தது என்று மட்டும் சொல்லி. கண்ணாடியை எடுத்து மாட்டி, விரலால் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். கலையா இல்லையா என்ற கேள்வியே அவருக்கு வரவில்லை.

"நல்லா ஊத்தியிருக்கா மக்ளே, கனம் ஒரே மாதிரி நிக்கி," என்றார். அப்புறம் பழுப்பேறிய இடத்தில் விரலை வைத்து, "இதுக்குப் பொகை போடலியோ?" என்று கேட்டார்.