சிமெண்ட் பூசினால் பழைய செங்கல் கட்டடம் பூகம்பத்தைத் தாங்குமா?

"பழைய செங்கல் சுவர் மேல நல்லா சிமெண்ட் பூசினா போதும், கலிபோர்னியாவிலேயே அப்படித்தான் செய்றாங்க" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு, ஆபத்தான தவறும்கூட.

1933 லாங் பீச் பூகம்பத்துக்குப் பிறகு கலிபோர்னியாவில் கம்பி இல்லாத செங்கல் கட்டடம் புதிதாகக் கட்டுவதே நின்றுபோனது. பழையவற்றைப் பலப்படுத்த லாஸ் ஏஞ்சல்ஸ் 1981இல் சட்டமே போட்டது. பலப்படுத்தும் முன் செங்கற்களை ஒட்டியிருக்கும் சாந்தை எப்படிச் சோதிப்பார்கள் தெரியுமா? ஒரு செங்கல்லுக்குப் பக்கத்துக் கல்லை எடுத்துவிட்டு, மறுபக்கச் சாந்தையும் சுரண்டிவிட்டு, ஜாக்கி வைத்துத் தள்ளி, எவ்வளவு விசையில் அது நகர்கிறது என்று பார்ப்பார்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து சில இடங்களில் விரலால் சுரண்டினாலே உதிரும், அதன் மேல் வெறுமனே பூசி என்ன பயன்? (கம்பி வலை வைத்து, சுவரோடு பிணைத்துப் பூசுவது வேறு.) அப்புறம் சுவரைத் தளத்தோடும் கூரையோடும் ஆங்கர் போல்ட் போட்டு இணைக்க வேண்டும், அந்தப் போல்ட்டுகளையும் சோதித்தாக வேண்டும், ஏனென்றால் இந்தச் சுவர்கள் பெரும்பாலும் கூரையை விட்டுப் பிரிந்து வெளிப்பக்கமாகத்தான் சாய்கின்றன. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கும் தனியாக முட்டுக் கொடுக்க வேண்டும்.