கிரீஸ் கன் அடிக்கவில்லை என்றால் பம்ப் தேய்ந்துவிட்டதா?

இயந்திரங்களுக்குக் கிரீஸ் செலுத்தும் கைக்கருவியான கிரீஸ் கன்னில் புதிதாகக் கிரீஸ் நிரப்பிய பிறகு லீவரை எத்தனை முறை அழுத்தியும் கிரீஸ் வரவில்லை என்றால் பம்ப் தேய்ந்துவிட்டது, வேறு கன் வாங்குவதே வழி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சில நேரங்களில் உண்மையாக இருக்கலாம். ஆனால் நிரப்பிய உடனே வரும் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே அடைபட்ட காற்றுதான். கிரீஸ் ஏறத்தாழச் சுருங்காது, காற்றோ எளிதில் சுருங்கும். ஆகவே பிளஞ்சருக்கு (லீவரை அழுத்தும்போது கிரீஸைத் தள்ளும் சிறு தண்டு) முன்னால் காற்றுக் குமிழ் நின்றுவிட்டால், லீவரின் ஒவ்வொரு அழுத்தமும் அந்தக் குமிழைச் சுருக்கி விரிப்பதிலேயே வீணாகிவிடும்.

இதை யாரும் ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். முதலில், பின்பக்கத் தண்டைப் பூட்டிலிருந்து விடுவித்தோமா என்று பாருங்கள் (இதை மறப்பவர்கள் ஏராளம், நானும்தான்). பிறகு கிரீஸ் இருக்கும் குழாயான பேரலைத் தலைப்பகுதியிலிருந்து ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, காற்று வெளியேற்றும் வால்வு இருந்தால் அதையும் அழுத்தி, கிரீஸ் கசியத் தொடங்கியதும் இறுக்குங்கள். அடுத்து ஹோஸைக் கழற்றிவிட்டு லீவரை அழுத்துங்கள்: கிரீஸ் சீராக வந்தால் பம்ப் நன்றாகவே இருக்கிறது, ஹோஸை மாட்டியதும் மீண்டும் நின்றால், அடைப்பு ஹோஸிலோ முனையிலோதான் இருக்கும். காற்றை நீக்கிய பிறகும் கிரீஸ் வராமல், பிளஞ்சரைச் சுற்றிக் கசிந்தால் மட்டுமே தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும்.