அந்தப் புகை விஸ்கியை முதலில் திறக்காதீர்கள்

சுவைத்துப் பார்க்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டால், சரி என்று தலையாட்டிவிட்டுக் குடிக்க வருகிறார்கள். என் ஆத்திரமெல்லாம் இதில்தான். குடிப்பதற்கு வேறு நாள் இருக்கிறது, வேறு பாட்டில் இருக்கிறது, கேட்டால் நானே வாங்கித் தருகிறேன். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவைத்து, மாதக்கணக்கில் சேர்த்த ஐந்து சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டில்களை ஒரே மாலையில் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு காரியம். அதற்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டவர்கள், அரை மணி நேரத்தில் அதை இன்னொரு சனிக்கிழமைக் கூத்தாக மாற்றிவிட்டுப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நாங்கள் பெங்களூருவில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள். கல்லூரியில் எதைக் கலந்து எதைக் குடித்தோம் என்பதெல்லாம் பழைய கதை. இப்போது எல்லோருக்கும் சம்பளம் வருகிறது, நல்லதாக நான்கைந்து வாங்கிப் பார்ப்போமே என்று பேச்சு எழுந்தது. அந்த யோசனை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட், இவ்வளவுதான் சிங்கிள் மால்ட்டுக்கு மூலப்பொருள். ஒரே வடிசாலையில் செம்பு வடிகலத்தில் வடித்து, ஓக் பீப்பாயில் ஸ்காட்ச் விதிகளின்படி மூன்றாண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். இதே மூன்று பொருள்களில் ஒன்று தேன் வாசமடிக்கிறது, இன்னொன்று உலர்ந்த திராட்சையாக மணக்கிறது, வேறொன்று ஆஸ்பத்திரி வராந்தாவை மூக்குக்குள் கொண்டுவருகிறது. இது எப்படி நடக்கிறது என்று நாக்கால் தெரிந்துகொள்வதில் அலாதியான மகிழ்ச்சி உண்டு. அந்த மகிழ்ச்சியைத்தான் இவர்கள் பறித்துக்கொள்கிறார்கள்.

வரிசையிலேயே வம்பு தொடங்குகிறது. மெல்லியதில் தொடங்கிக் கனமானதில் முடிக்க வேண்டும் என்று பாட்டில்களை இடமிருந்து வலமாக அடுக்கி வைத்திருந்தேன். முதலில் ஆக்கன்டோஷன், அடுத்து க்ளென்மோரஞ்சி, பிறகு ஷெர்ரி என்ற ஒயின் இருந்த பீப்பாயின் வாசம் ஏறிய அபர்லோர், அதன்பின் அம்ருத் ஃப்யூஷன், கடைசியில் லஃப்ராய்க். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 15 மில்லி. நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குவளையை எடுத்துவருவதற்குள் ஒருவன் வலது கோடிக்கு எட்டி, லஃப்ராய்க்கைத் திறந்து எல்லோருடைய கிளாஸிலும் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றிவிட்டான். ஏனடா என்று கேட்டால், "எது முதலில் போனால் என்ன, எல்லாம் ஒரே வயிற்றுக்குத்தானே போகிறது?" என்கிறான்.

வயிற்றுக்குப் போவதைப் பற்றி யார் பேசினார்கள்? பார்லியை நனைத்து முளைவிடச் செய்து, முளை மேலும் வளராமல் இருக்கச் சூடு காட்டி உலர்த்துவார்கள். அந்தச் சூட்டுக்குப் பீட் எனப்படும் சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எரித்தால், புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் பார்லியில் ஏறிவிடும். லஃப்ராய்க் பயன்படுத்தும் பார்லியில் இந்த ஃபீனால் பத்து லட்சத்தில் 40 பங்கை ஒட்டி இருக்கும். லஃப்ராய்க்கைப் போலவே ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் ஆர்ட்பெக்கில் 55 வரை போகும். இதை முதல் மிடறாக விழுங்கியவனுக்கு அடுத்த ஒரு மணி நேரம் நாக்கிலும் மூக்கிலும் புகைதான். அதற்குப் பிறகு கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் மூன்று முறை வடித்து எடுக்கும் ஆக்கன்டோஷனின் எலுமிச்சைத் தோல் வாசம் எங்கிருந்து தெரியும்? காதருகே தவில் அடித்து ஓய்ந்த கையோடு வீணையை மீட்டினால் என்ன கேட்கும்? ஒன்றும் கேட்காது. ஆனால் அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது வெறும் தண்ணீர், காசைக் கொட்டி ஏமாந்துவிட்டோம்" என்று தீர்ப்பே எழுதிவிட்டான். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். பாவம், அந்த பாட்டில் செய்த தவறு என்ன?

க்ளென்மோரஞ்சிக்கும் அதே கதிதான். தங்கள் வடிகலங்கள்தாம் ஸ்காட்லாந்திலேயே உயரமானவை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வடிசாலை அது. கழுத்து அவ்வளவு நீளமாக இருந்தால் கனமான ஆவிகள் பாதி வழியில் குளிர்ந்து திரும்ப விழுந்துவிடும். இலேசானவை மட்டுமே உச்சிக்கு ஏறி மறுபக்கம் இறங்கும். அப்படிச் சலித்து எடுத்த மென்மையைப் புகை படிந்த நாக்கின் மேல் ஊற்றுவது பாவம் இல்லையா?

அடுத்தது ஐஸ். கிளாஸ் நிறைய ஐஸ் போட்டுக்கொண்டு எதைச் சுவைக்கப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவேயில்லை. வாசனை என்பதே திரவத்திலிருந்து மேலெழும் ஆவிதான். குளிர்ந்தால் அது எழாது, நாக்கும் மரத்துப்போகும். வெயில் காலத்துச் சாயங்காலத்தில் ஐஸும் சோடாவும் போட்டுக் குடிப்பதை நான் குறை சொல்லவில்லை, அதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் மேசையில் அது ஆகாது.

ஐஸை எடுத்துவிடு என்றால் உடனே எதிர்க்கோடிக்குப் போய் நிற்கிறார்கள். ராவாகக் குடிப்பவன்தான் ஆண்பிள்ளை, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் விஸ்கிக்கு அவமானம். யார் சொன்னது? விஸ்கி கலப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் தண்ணீர் விட்டு ஆல்கஹாலை 20 சதவீத அளவுக்கு இறக்கித்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017-ல் கணினி மாதிரி மூலம் இதற்குக் காரணமும் காட்டினார்கள். புகை வாசம் தரும் குவையகால் என்ற சேர்மம், ஆல்கஹால் 45 சதவீதத்துக்குள் இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பை ஒட்டித் திரள்கிறது. ஆல்கஹால் மிகுந்தால் அது உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. ஆகவே வீரியம் கூடிய விஸ்கிக்கு ஒரு தேக்கரண்டித் தண்ணீர் நல்லதுதான் செய்யும். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருந்தவன் 50 சதவீத ஃப்யூஷனை ஒரே மடக்கில் கவிழ்த்து, கண்ணில் நீர் வழிய, "காட்டமாக இருக்கிறது, ஆனால் வாசனை ஒன்றும் இல்லை" என்றான். முகர்ந்தே பார்க்காதவனுக்கு வாசனை எங்கிருந்து வரும்?

மிளகாய்த் தூளில் புரட்டிய சிக்கனைக் கையில் வைத்துக்கொண்டு கிளாஸைத் தொடுகிறவர்கள், கழுத்து நிறைய சென்ட் அடித்துக்கொண்டு வருகிறவர்கள், பால்கனிக்குப் போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்து முகர்கிறவர்கள் ஆகியோரைப் பற்றி எழுதினால் என் இரத்தக் கொதிப்புதான் ஏறும். விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் விடமுடியாது. ஒருமுறை பாட்டில்களைத் தினத்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் எழுதி வைத்தேன். பெயர் தெரியாமல் சுவைத்து, பிடித்ததைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எல்லோரும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தார்கள். எங்கள் கூட்டத்திலேயே விஸ்கி பற்றி அதிகம் பேசுகிறவன் மூன்றாம் எண்ணைக் கையில் எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான், ஒதுக்கினான், மறுபடியும் கொண்டுபோனான். ஆரஞ்சுத் தோல், காபி, பின்னால் கொஞ்சம் புகை என்று சரியாகச் சொன்னான். இன்னும் ஊற்று என்றான். ஐந்திலும் இதுதான் முதல் என்று மேசையைத் தட்டினான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்காகத்தானே கூப்பிட்டேன்!

இன்னொருவனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ரப்பர் பேண்டை உருவி, தாளின் ஓரத்தைக் கிழித்து, "டேய், அம்ருத்!" என்று கத்திவிட்டான். முதல் பரிசு கொடுத்தவனின் முகம் சட்டென்று மாறியது. கிளாஸைக் கீழே வைத்தான். "இல்லை, முதலில் நன்றாகத்தான் இருந்தது, இப்போது கொஞ்சம் முரடாகத் தெரிகிறது" என்றான். ஐந்தாம் எண் பதினெட்டு வருட ஸ்காட்ச் என்று தெரிந்ததும் அதில் ஆழம் இருக்கிறது, பக்குவம் இருக்கிறது என்று பேசத் தொடங்கிவிட்டான். பத்து நிமிடத்துக்கு முன் அதே கிளாஸை மரத்தூள் என்று தள்ளி வைத்தவனே இவன்! தன் நாக்கு சொன்னதைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டான். பதறிப்போய்விட்டேன். தன் வாயில் இருக்கும் ருசியைக்கூட ஒரு காகிதத்தில் அச்சடித்ததைப் பார்த்துத்தான் ஒருவன் முடிவு செய்வான் என்றால், அவனை உட்காரவைத்து நான் என்ன செய்ய?

அந்த அம்ருத் மைசூர் சாலையில் வடித்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்விடலாம். 1948-ல் தொடங்கிய அந்த நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004-ல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுபோனது கிளாஸ்கோவுக்கு, ஸ்காட்லாந்துக்காரர்களின் வீட்டு வாசலுக்கே. இந்திய பார்லியையும் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பீட் பார்லியையும் சேர்த்துச் செய்த ஃப்யூஷனுக்கு, ஜிம் மர்ரே என்ற விஸ்கி விமர்சகர் தம் 2010-ஆம் ஆண்டுத் தொகுப்பில் நூற்றுக்கு 97 கொடுத்து உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். வெள்ளைக்காரர் ஒருவர் சொன்னதை எடுத்துக்காட்டி வாதாட வேண்டியிருப்பதே எனக்குக் கசக்கிறது. ஆனால் இவர்களிடம் வேறு எதைச் சொன்னாலும் ஏறுவதில்லை.

வருடக் கணக்குப் பைத்தியமும் இதோடு ஒட்டிய வியாதிதான். பன்னிரண்டைவிடப் பதினெட்டு உசத்தி, பதினெட்டைவிட இருபத்தொன்று உசத்தி, வருடமே போடாத பாட்டில் மட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். லேபிளில் இருக்கும் எண், உள்ளே கலந்திருப்பவற்றில் மிக இளைய விஸ்கியின் வயது. சுவைக்கு அது மதிப்பெண் ஆகிவிடுமா? ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூருச் சூட்டில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். விஸ்கி பீப்பாய் மரத்துக்குள் போய்வரும் வேகமும் இங்கே அதிகம். இங்கே நான்கைந்து வருடத்தில் நடப்பதற்கு அங்கே எத்தனையோ வருடம் காத்திருக்க வேண்டும். பதினெட்டு வருடம் இங்கே வைத்திருந்தால் பீப்பாயில் மிஞ்சுவது எவ்வளவு, அது மரக்கஷாயமாக இருக்குமா விஸ்கியாக இருக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தால் போதும், இந்த எண் ஒப்பீடு நின்றுவிடும். யோசிக்க மாட்டார்கள். விளக்குக்கு நேரே கிளாஸைத் தூக்கிப் பிடித்து, கறுப்பாக இருப்பதுதான் பழையது என்று வேறு சொல்வார்கள். நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க ஸ்காட்ச் விதிகளிலேயே அனுமதி இருக்கிறது என்றால் என்னை ஏதோ துரோகியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் விற்கும் பாட்டிலாக இருந்தால் நிறம் சேர்த்ததை லேபிளிலேயே சொல்லியாக வேண்டும். அங்கே வாங்கிவந்த பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டிய பிறகும் ஒருவன் நம்பவில்லை.

இந்தக் கூட்டத்தில் உண்மையாகச் சுவைக்கிறவன் ஒருவன் இருக்கிறான். அதிகம் பேசமாட்டான். லஃப்ராய்க்கை முகர்ந்துவிட்டு, "சின்ன வயதில் முழங்காலில் அடிபட்டால் பள்ளிக்கூடத்தில் தடவுவார்களே, அந்த டிங்சர்" என்றான். நூற்றுக்கு நூறு சரி. அயோடின் நெடிதான் அந்த விஸ்கியின் அடையாளம். மதுவிலக்குக் காலத்தில் மருந்து என்ற பெயரில் அமெரிக்காவுக்குள் போனதாகச் சொல்லப்படும் விஸ்கி அது. ஆனால் மேசையே சிரித்தது. ஒருவன் செல்போனை எடுத்து, கடல்பாசி, ஹீத்தர் பூ, ஓக் மரத்தின் இனிமை என்று எங்கோ யாரோ எழுதிய குறிப்பை வாசித்து, "இதுதான் சரியான விடை" என்றான். ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் பூக்கும் ஹீத்தரை இவன் பிறந்ததிலிருந்து பார்த்தது உண்டா? டிங்சர் சொன்னவன் அதற்குப்பிறகு அன்று முழுக்க வாயைத் திறக்கவேயில்லை. எது கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் மற்றவை எல்லாவற்றையும் மன்னித்தாலும் இதை மன்னிக்கமாட்டேன். அவன் ஒருவன்தான் அங்கே தன் சொந்த மூக்கோடு வந்திருந்தான்.

அடுத்த மாதமும் கூடுவதாகப் பேச்சிருக்கிறது. இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊற்றுவது நான் மட்டும். செல்போன்கள் பக்கத்து அறையில் இருக்கும். வறுவல் கடைசிக் கிளாஸுக்குப் பிறகுதான் வரும், வண்டி ஓட்டிவருகிறவர்களுக்குத் தண்ணீர் மட்டும்தான் வரும். ஒவ்வொருவரும் தனக்குப் பட்டதைத் தாளில் எழுதி மடித்துவைத்த பின்புதான் பேச்சே ஆரம்பம். தாளில் எழுதியதைப் பெயர் தெரிந்தபின் யாரும் மாற்றக் கூடாது. டிங்சர் சொன்னவன் முதலில் பேசுவான். இதற்குச் சம்மதம் இல்லாதவர்கள் வரவேண்டாம், போட்ட காசைத் திருப்பித் தந்துவிடுகிறேன்.